அப்பாவின் கணினியில் தமிழைக் காணோம்

கேமரன் மலையில், ரிங்லெட்டைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டம். அண்ணன் அங்கே வேலை செய்வதால் அப்பாவும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். இப்போது மாரியம்மன் கோயில் செயலாளர்.

அவருடைய மடிக்கணினிக்குப் பத்து வயது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. "புதுசு வாங்க வேணாம்பா, நான் லினக்ஸ் போட்டுத் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து விரலியோடு போனேன்.

கோப்புகளைத் தனியாக எடுத்து வைத்து, பழையதை அழித்து, லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏதோ தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. தமிழ் எங்கே?"

பழைய தமிழ்க் கோப்புகள் திறந்தன, படிக்கவும் முடிந்தது. எழுதத்தான் முடியவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகியவர் அப்பா. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்தே தமிழ் தட்டுவார். அது விண்டோஸோடு போய்விட்டது. மின்ட்டில் தமிழ்99 விசைப்பலகை இருந்தது. ஆனால் திருவிழா அறிவிப்பைத் திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் அவர் எப்படிப் புது விசைப்பலகை பழகுவார்?

ஒலிமுறையில் தட்ட 'ஐபஸ்-எம்17என்' என்ற மென்பொருள் தொகுப்பு வேண்டும். வீட்டில் இணையம் இல்லை. கைத்தொலைபேசிக்குக் கோயில் மேட்டில்தான் சிக்னல். மேடேறி அந்த ஒரு கோப்பைப் பதிவிறக்கி வந்தேன். நிறுவினால், எம்17என் நூலகம் இல்லை என்றது. மறுபடியும் ஏறி அதைக் கொண்டுவந்தேன். அந்த நூலகமோ அதற்குரிய தரவுத் தொகுப்பைக் கேட்டது. மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா சிரித்தார். "கொழுந்தை வாட்டாம உருட்ட முடியுமா? உருட்டாம புளிக்க வைக்க முடியுமா? ஒண்ணுக்கு முன்னாடி ஒண்ணு வேணும்ல."

அதேதான். லினக்ஸில் ஒரு மென்பொருள் பல தொகுப்புகளை நம்பி நிற்கும். ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தால் இப்படித்தான் அலைய வேண்டும். கணினியையே இணையத்தில் சேர்த்துவிட்டால் வேண்டியதையெல்லாம் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இருவரும் கோயிலுக்குப் போனோம். கோயில் பிளக்கில் மின்சாரம், யுஎஸ்பி கேபிள் வழியாகக் கைத்தொலைபேசியின் இணையம். முதலில் 'ஆப்ட் அப்டேட்' கொடுத்துத் தொகுப்புப் பட்டியலைப் புதுப்பித்தேன். பிறகு 'ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. பாதியில் நின்ற நிறுவலுக்கு என்னென்ன குறைகிறதோ அத்தனையையும் அது இழுத்து வந்து பொருத்தியது. கணினியை மறுபடி தொடங்கி, தமிழ் ஒலிமுறையைத் தேர்ந்தெடுத்தேன். சில எழுத்துகளுக்கு விசை வேறாக இருந்தது. அவற்றை ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன்.

குளிரில் விரலைத் தேய்த்துக்கொண்டு அப்பா 'மாரியம்மன் துணை' என்று தட்டினார்.

கணினியை அழிக்கும் முன் எனக்கு வேண்டியதையெல்லாம் யோசித்திருந்தேன்: உலாவி, காணொளி, பிரிண்டர். தினமும் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் "நீங்க என்னப்பா செய்வீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் பெற்றோருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பதாக இருந்தால், முதலில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பாருங்கள்.

ஞாயிறு மாலை நான் கிளம்பும்போது அறிவிப்பு தயார். உபயகாரர் பட்டியலின் கடைசியில் 'கணினி உபயம்' என்று என் பெயர். "ஐயோ, அதை எடுத்துடுங்கப்பா" என்றேன்.

"இப்பதான் தமிழ் வந்துருச்சே. வேணும்னா நீயே எடுத்துக்கோ."

நான் எடுக்கவில்லை.