ஆயாவின் பல்லும் என் படிப்பும்

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)

எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறோம் என்று எழுதச் சொன்னால் எல்லோரும் டாக்டர், கலெக்டர், போலீஸ் என்றே எழுதுகிறார்கள். நான் எழுதப் போகும் வேலையின் பெயர் எனக்கே போன மே மாதம்தான் தெரியும்.

எங்க ஆயா புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறது. (புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எத்துவார் குபேர் பெயரில் அதைக் குபேர் அங்காடி என்றும் சொல்வார்கள். ஆனால் எங்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.) லீவு நாளில் நானும் கூடப் போவேன். ஆயா கூவினால் கடைசிக் கடை வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தது. வெற்றிலை, புகையிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் காரை. துப்பினால் ரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், பக்கத்துக் கடை அத்தை, "பல்ல சுத்தம் பண்ணா எல்லாம் ஆடிப் பூடும்டீ" என்று பயமுறுத்தி விட்டது.

சண்டை போட்டு அழைத்துப் போனேன். அங்கே மாஸ்க் போட்ட ஒரு அக்கா, 'ஙொய்' என்று சத்தம் போடும் கருவியை ஆயா வாயில் வைத்தார். அதன் நுனி வேகமாக அதிருமாம். தண்ணீரும் பீய்ச்சியது. "நீங்க டாக்டரா அக்கா?" என்றேன். "இல்லம்மா, டென்டல் ஹைஜீனிஸ்ட்" என்றார். பல் ஆடுமா என்றும் கேட்டேன். பல்லில் படியும் அழுக்கு, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தால் கல்லாக இறுகுகிறதாம். அப்புறம் பிரஷ்ஷுக்கு அது வராது. ஈறும் எலும்பும் அதனால்தான் கெட்டுப் பல் ஆடுகிறது. காரையை எடுத்த பிறகுதான் அது நமக்குத் தெரிகிறது. பழி சுத்தம் பண்ணினவங்க மேல!

அதோடு போகவில்லை. கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டைப் பார்த்துவிட்டு அக்கா உடனே டாக்டரைக் கூப்பிட்டார். புகையிலையால் வந்தது, சில பேருக்குப் புற்றுநோயாக மாறும் என்றார்கள். சதை கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும் வரைக்கும் எங்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. பாக்கும் கெடுதல் என்றதால் ஆயா இப்போது சோம்பு மெல்லுகிறது. மெல்லும்போது முகத்தைப் பார்க்கணுமே!

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். 1906-இல் அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் டாக்டர், தன் உதவியாளர் ஐரின் நியூமனுக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தாராம். 1913-இல் இதற்கென்றே பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார். நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவச் சட்டத்திலேயே இந்த வேலை இருந்தது. பல் டாக்டருக்கு நீட் எழுதி 5 வருஷம் படிக்கணும். இதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து, அப்புறம் 2 வருஷம் டிப்ளமோ. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரான் வாயில கைய வுடுற வேலையா? பத்தாவது முடிச்சிட்டு கடையில உக்காரு" என்றது. ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மீன் குடல்ல கைய வுட்டுத்தான் உன்ன வளத்தேன்" என்றது. முந்தானையை எடுத்து மூடாமல் சொன்னது.

அரையாண்டு அறிவியல் மார்க்கைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அம்மா சொல்லியிருக்கிறது. காலாண்டில் நான் எடுத்தது 58.