அத்தையின் ஊசி, அம்மாவின் மணி

புதுக்கோட்டையில் வந்து இறங்குகிறவர்கள் சித்தன்னவாசலுக்குப் போவார்கள். இல்லையென்றால் திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாளைத் தரிசித்துவிட்டு, 1910-ல் ஆரம்பித்த அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் போனது அத்தையிடம் மணிப் பின்னல் கற்றுக்கொள்ள. கைப்பையில் ஒரு தகர டப்பா. அதற்குள், நூல் இற்று அறுந்துபோன என் அம்மாவின் மணிமாலை. அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அத்தைக்கோ பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. "தைக்குள் வந்துவிடு, அப்புறம் ஊசிமுனை எனக்குத் தெரியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

குரோஷா ஊசியில் லேஸ் பின்னத் தெரிந்த சகோதரிகளுக்கு இது பாதி தெரிந்த வித்தைதான். ஆனால், பின்ன ஆரம்பிக்கும் முன்பே மணி முழுவதையும் நூலில் கோத்துவிட வேண்டும். ஐந்து நீலம், ஒரு வெள்ளை. மறுபடி ஐந்து நீலம், ஒரு வெள்ளை. ஆறு சங்கிலிக் கண்ணி போட்டு வளையமாக்கி, கண்ணிக்கு ஒரு மணியாகத் தள்ளிக்கொண்டு பின்ன வேண்டும். கீழ்ச்சுற்று மணியை வலப்புறம் சாய்த்து, நூலை அதன் மேலாகப் போட்டு இழுத்தால் புது மணி தன் இடத்தில் உட்காரும். முதல் நாலு சுற்று கண்கொண்டு பார்க்க முடியாது! (என்னுடையது பூனை கடித்துப் போட்டது போல் இருந்தது.) அப்புறம் கயிறு உருண்டு வரும், வெள்ளை மணிகள் கொடி மாதிரி சுற்றி ஏறும்.

நாலு அங்குலம் வந்ததும் கொடி இடம் தவறிவிட்டது. அத்தை அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஆறு நீலம் கோத்திருக்கிறாய், அம்மாடி. ஒன்றை இடுக்கியால் நசுக்கிவிடு, நூல் அறாமல். குறைந்திருந்தால்தான் வம்பு."

இடுக்கியை எடுத்தேன். அம்மாவின் கழுத்தில் கிடந்த மணி! கை வரவில்லை.

"சரி, முனீசுவரரையாவது சேவித்துவிட்டு வா" என்றாள்.

ஊருக்குக் கிழக்கே சில மைலில் பொற்பனைக்கோட்டை. மண் மேடாகிப்போன பழைய கோட்டை மதில், அகழி, முனீசுவரர் கோயில். 2023-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையார் இங்கே தோண்டியபோது தங்க மூக்குத்தியும் சூதுபவள மணி ஒன்றும் கிடைத்தன. சூதுபவளம் கூர்ஜரத்துக் கல். இரும்பைப் போல் கடினம். அதில் நூல் நுழையும்படி துளை போடுவதென்றால் எத்தனை நாள் பொறுமையோ! அந்த மணியைத் தொலைத்தவள் வீடெல்லாம் தேடியிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வரலாற்று ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

அன்று ராத்திரி நாலு அங்குலத்தையும் பிரித்தேன். ஒவ்வொரு மணியாகக் கழற்றி, தப்பு வந்த இடம் வரைக்கும் போய், மறுபடி கோத்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எண்ணினாள். ஐந்துக்கு மேல் ஒரு நீலம் போக விடவில்லை.

விடியற்காலை பார்த்தால் தட்டில் ஒரே ஒரு நீல மணி மிச்சம். அதை அத்தை கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.