மகள் விதித்த தணிக்கை

30 ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்குத் தணிக்கை புதிதல்ல. 1998 ஆம் ஆண்டிலும் பின்னர் 2000 ஆம் ஆண்டிலும் போர்ச் செய்திகளுக்கு அரசாங்கம் தணிக்கை விதித்திருந்தது. எழுதிய செய்தியை அதிகாரிக்கு அனுப்பிவிட்டு, அது எத்தனை வரிகளை இழந்து திரும்பி வருமோ என்று ஆறிய தேநீரோடு காத்திருந்த இரவுகள் பல. ஆனால் 58 ஆவது வயதில், என் சொந்த வீட்டு விறாந்தையில், என்னுடைய சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, நான் பெற்ற மகளே எனக்குத் தணிக்கை விதிப்பாள் என்று கனவிலும் எண்ணியதில்லை.

விடயம் இதுதான். இலண்டனில் இருக்கும் மகள் டிசெம்பர் விடுமுறைக்குத் தன் மகனோடு மன்னாருக்கு வந்திருந்தாள். பேரனுக்கு வயது 6. அதுவரை எங்கள் உறவு வீடியோ அழைப்புகளால் ஆனது. கைத்தொலைபேசியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்ற கலை எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. ஆகவே 2 ஆண்டுகளாக அவன் கண்டதெல்லாம் அம்மப்பாவின் நெற்றியை மட்டுமே. படலையடியில் வந்து இறங்கியவன் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். நான் குனிந்து நெற்றியைக் காட்டியதும்தான் அடையாளம் கண்டு சிரித்தான். ஆளடையாள அட்டைக்குப் படம் பிடித்தபோதுகூட நெற்றிக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

முதுமை வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டால் இல்லை என்றே சொல்வேன். என் கைத்தொலைபேசி வேறுவிதமாகச் சொல்லும். வந்த அன்றே மகள் அதை வாங்கி எழுத்துகளைப் பெரிதாக்கித் தந்தாள். இப்போது மூக்குக்கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிகிறது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவராலும் வாசிக்க முடிகிறது. மருந்து வாங்க மறக்க வேண்டாம் என்று என் மனைவி அனுப்பிய செய்தியை, முன்பின் அறியாத ஒருவர் இறங்கும் இடத்தில் எனக்கு நினைவூட்டிவிட்டுப் போனார்.

கதைக்கு வருகிறேன். வந்த முதல் இரவே பேரன் கதை கேட்டான். செய்தியாளன் அல்லவா, கைவசம் இருந்த மிகச் சிறந்த கதையை முதற்பக்கத்திலேயே போட்டுவிட்டேன். 1990 ஆம் ஆண்டு, ஓர் இருட்டு இரவில், தலைமன்னார்க் கரையிலிருந்து நானும் அவனுடைய அம்மம்மாவும் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய கதை. ஓட்டி எங்களை நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, 'இதுதான் இந்தியா' என்று சொல்லிப் போய்விட்டதையும், நீர் ஏற ஏற நாங்கள் திட்டின் நடுவை நோக்கி நகர்ந்ததையும் கைகால் அசைத்து நடித்தே காட்டினேன். பேரன் வாய் திறந்தபடி கேட்டான். நள்ளிரவு கடந்து அலறி எழுந்தான். தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நாங்களும் போட்டில் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறான்.

விடிந்ததும் ஆணை பிறந்தது.

"அப்பா, இனிமேல் சண்டைக் கதை சொல்லாதீங்க. ஓடின கதையும் வேண்டாம். மன்னாரில வேற கதையே இல்லையா?"

இருக்கிறது என்று வீராப்பாகச் சொன்னேன். மாலை வரை யோசித்துப் பார்த்தேன்.

இரண்டாம் இரவு புகையிரதத்தை எடுத்துக்கொண்டேன். குழந்தைகளுக்குப் பிடித்த விடயம், ஆபத்தில்லாதது. 1914 ஆம் ஆண்டு தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதையும், கொழும்பில் புகையிரதம் ஏறிய ஒருவர் இடையில் கப்பல் மாறி மறுகரையில் மீண்டும் புகையிரதம் ஏறிச் சென்னைக்கே போய்விடலாம் என்பதையும் சொன்னேன். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. சிறுவனாக நான் அந்த 'இராமானுஜம்' கப்பலைப் பார்த்திருக்கிறேன். இறங்குதுறையில் ஆட்களை விடப் பொட்டலங்களே அதிகம் இறங்குவது போலத் தோன்றும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப ஏன் கப்பல் இல்லை?"

"நிண்டு போச்சு."

"ரெயில்?"

"அதுவும் 1990 இல நிண்டு, 2015 இலதான் திரும்ப வந்தது. இந்தியப் பிரதமர் வந்து பச்சைக்கொடி காட்டினவர்."

"ஏன் நிண்டது?"

தணிக்கை அதிகாரி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தண்டவாளம் பழுது" என்றேன். பேரன் விரல்விட்டு எண்ணினான், விரல்கள் போதவில்லை. "25 வருசம் ஒருத்தரும் திருத்தேல்லையா? எங்கட ரெயில் பத்து நிமிசம் நிண்டாலே அம்மா கத்துவா!"

மூன்றாம் இரவு பாலம். கேட்கவே வேண்டாம். தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990 இல் தகர்க்கப்பட்டது. புதியது 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அன்று காலைதான் அதைக் கடந்து வரும்போது இருபுறமும் நீரில் நின்ற பூநாரைகளைக் கண்டு பேரன் குதித்தான். நான் பூநாரைகளில் தொடங்கினேன். அவனோ பாலத்தை யார் உடைத்தது என்பதிலேயே நின்றான். பழைய இரும்புப் பாலத்தின் எச்சத்தை அந்தக் கண்கள் பார்த்துவிட்டிருந்தன. செய்தியாளனின் பேரனுக்குச் செய்தியாளனின் மூக்கு இருப்பது குறித்துப் பெருமைப்படுவதா, கவலைப்படுவதா?

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் வாலிபம் முழுவதும் இந்த ஊரின் எந்தப் பொருளைத் தொட்டாலும் அடியில் 1990 என்று ஒரு முத்திரை இருக்கிறது. அதை உரித்துவிட்டால் பொருளே கையோடு வந்துவிடுகிறது.

மரமும் கழுதையும் என்னைக் காப்பாற்றின. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்குமரம் 700 ஆண்டுகள் பழைமையானது என்பார்கள். ஆபிரிக்காவின் மரம், அரேபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது ஊரின் நம்பிக்கை. அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர் என்று சொன்னேன். அந்த எண் அவனுக்குப் பொருட்டாகப் படவில்லை. தானே அளக்கப் போவதாக மரத்தைக் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்துச் சுற்றி வந்தான். மூன்று தடவை எண்ணிக்கை பிழைத்தது. இறுதியில் '17 நான்' என்று அறிவித்தான். அந்த அளவையை நான் ஏற்றுக்கொண்டேன். அதன்பின் எங்கள் வளவின் கிணறு 3 நான், அம்மப்பாவின் வயிறு ஒரு நானுக்குச் சற்றுக் குறைவு.

கழுதைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. மன்னார் நகரத்துத் தெருக்களில் அவை உரிமையோடு நடக்கும். ஒரு காலத்தில் பொதி சுமந்தவை. வாகனங்கள் வந்தபின் கைவிடப்பட்டு, தம் பாட்டில் பெருகியவை. அவற்றுக்கென மருத்துவ நிலையம் ஒன்றே இங்கு தொடங்கப்பட்டது என்றபோது பேரனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மறுநாள் காலை ஒரு கழுதை எங்கள் படலையில் தலையை நீட்டி, கதிரையில் நான் மறந்துவிட்டுப் போன பத்திரிகையை இழுத்து மென்றது. என் கட்டுரை வெளிவந்த பக்கம்! இத்தனை ஆண்டு எழுத்தில், என் கருத்துகளை முழுமையாகச் செரித்துக்கொண்ட ஒரே வாசகர் அவர்தான்.

தென்கரையில் சுழலும் காற்றாலைகளும் ஓர் இரவுக்கு உதவின. தம்பபவனி என்று பெயர், 30 கோபுரங்கள், 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டவை. மன்னார் வெக்கைக்குப் போட்ட விசிறிகளா என்று கேட்டான். மேலும் காற்றாலைகள் வேண்டாம், மண் அகழ்வும் வேண்டாம் என்று 2025 இல் இந்தத் தீவு மக்கள் வீதியில் இறங்கியதைச் சொல்லத் தொடங்கி, அதுவும் சண்டைக் கதைக்குள் அடங்குமோ என்ற ஐயத்தில் விசிறிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். தணிக்கை மனிதனை இப்படித்தான் கோழையாக்குகிறது. அதிகாரி வெட்டுமுன் தானே வெட்டிக்கொள்ளப் பழகிவிடுகிறான்.

என் மனக்குறையைச் சொல்ல எருக்கலம்பிட்டி நண்பனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவன் குடும்பம் கையில் கிடைத்ததோடு புத்தளம் போனது, அங்கேயே நிலைத்துவிட்டான். அவனும் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டவன். பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நான் எங்க சொல்லுறது? எங்கட ஊர் எதெண்டு அதுகள் கேட்டா, பதிலே கதைதானே" என்று சிரித்தான். பிறகு சற்று நேரம் இருவரும் பேசவில்லை. அதன்பின் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசினோம். எனக்கு அவனைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் அவனுக்கு ஒரு மகிழ்ச்சி.

அவன் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பிள்ளை அலறி எழுந்ததை அவள்தானே பார்த்தாள்? தவிர, அவள் சிறுமியாக இருந்த காலத்தில் நாங்கள் அவளுக்குக் கதையாக எதையும் சொல்லவில்லை. சொல்லும் தேவையும் இருக்கவில்லை. 1992 இல் திரும்பி வந்து பேசாலை முகாமில் இருந்தபோது அவள் நடை பழகிவிட்டிருந்தாள். வானத்தில் இரைச்சல் கேட்டால் மேசைக்குக் கீழே போக வேண்டும் என்பதை எழுத்தறியுமுன் அறிந்தவள் அவள். தன் மகனுக்கு அது தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் எல்லோரும் தலைமன்னார் போனோம். பழைய இறங்குதுறையின் இரும்பு எலும்புக்கூடும் வெளிச்சவீடும் அப்படியே நிற்கின்றன. வாடைக் காற்று மணலை முகத்தில் வீசியது. அப்போது என் கைத்தொலைபேசி ஒலித்தது. இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி. அந்தக் கரையில் இது வழமை. தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான், அலைவரிசைக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. மகள் பெரிதாக்கித் தந்த எழுத்துகள் ஆகையால் பேரன் தூரத்தில் நின்றே ஆங்கிலத்தை வாசித்துவிட்டான்.

"நாங்க இந்தியாவுக்கு வந்திட்டமா?"

இல்லை என்றேன்.

"அம்மா, நீங்க இந்தியாவுக்குப் போயிருக்கிறீங்களா?"

நான் கடலைப் பார்த்தேன். மகளும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது.

"நான் பிறந்ததே அங்கதான். மண்டபம் முகாமில."

"எப்பிடிப் போனீங்க?"

"அம்மம்மாவின்ர வயித்துக்குள்ள இருந்து போனனான்."

பேரன் அம்மம்மாவின் வயிற்றைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கணக்குக் கூடிவிட்டது. "அம்மப்பா சொன்ன அந்தப் போட்டிலயா? மண்ணில இறக்கி விட்டதே, அப்ப நீங்களும் இருந்தீங்களா?"

"ஓம், நானும் இருந்தனான்."

இந்தத் தடவை அவன் பயப்படவில்லை. கதையில் இருந்தவர்கள் மூவரும் அவன் முன்னால் மணலில் நின்றுகொண்டிருந்ததனாலோ என்னவோ. மகள் என் பக்கம் திரும்பி, "மிச்சத்தை அம்மப்பாவைக் கேள்" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆயத்தமானேன். கேள்வி என்னவோ அம்மம்மாவிடம் போனது.

"அந்தப் போட்டில ரொய்லெற் இருந்ததா?"

அந்த இரவைப் பற்றி நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எத்தனையோ பேருடைய அப்படிப்பட்ட இரவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஏழு மணித்தியாலம், 5 மாதக் கர்ப்பிணி. இந்தக் கேள்வியை நான் என் மனைவியிடம் கேட்டதே இல்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து, பேரனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள்.