படத்துக்குள்ள சிக்கின போன் நம்பர்

மதுரையில ஒரு சுங்குடிச் சேலைக் கடையோட வெப்சைட்டை இன்னிக்கு போன்ல திறந்தேன்.

முதல்ல பெரிய பேனர் சுத்துது.
அப்புறம் 'எங்கள் தொலைநோக்கு'.
போன் நம்பர்? அடியில, ஒரு படத்துக்குள்ள.
தொட்டா கால் போகல. காப்பி பண்ணவும் முடியல.
பேப்பர்ல குறிச்சு வச்சுத்தான் கூப்பிட்டேன்.

கடைக்காரர் அவ்வளவு அருமையாப் பேசினாரு! துணியில எப்படி முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குறாங்க, எது கையால கட்டினது, எது பிரிண்ட், என்ன விலை... எல்லாம் சொன்னாரு.
அதுல ஒரு வரிகூட சைட்ல இல்ல.
மனசு ஆறல.

கலர், லோகோ எல்லாம் அப்புறம் பேசலாங்க. வர்றவங்க என்ன தேடி வர்றாங்க? விலை, கடை நேரம், வழி, நம்பர். அதை முதல்ல எழுதுங்க.
பக்கத்தோட முக்கியப் பகுதி 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்னு கூகுளே சொல்லுது. அந்த பேனர் படங்களை மட்டும் சுருக்கினாலே பாதி வேலை முடிஞ்சிரும்.
நம்பரை எழுத்தா டைப் பண்ணி, தொட்டா கால் போற மாதிரி வைக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது?

வாங்க வர்றவங்களை நினைச்சுப் போட்ட சைட், உங்க ஊர்க் கடை எதுக்காவது இருக்கா?