வேடந்தாங்கலில் இரண்டு கேமராக்கள்... ஒரு கிலோ வித்தியாசம்!

மதுராந்தகம் பஜாரில் என் மாமாவுக்குப் பழக்கமான மளிகைக் கடை அது. மாலை நேரம், கூட்டம் இல்லை. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரானிக் தராசைத் துண்டால் துடைத்துவிட்டு, அதன்மேல் மாமா தன் கேமராவை வைத்தார். நிக்கான் இஸட்8, அதில் 180-600 லென்ஸ். ஹுட், ட்ரைபாட் காலர் எல்லாம் கழற்றியாகிவிட்டது. தராசு 2.865 என்று காட்டியது. அடுத்து நான் கொண்டுபோனதை வைத்தோம். ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1, 300 எம்.எம். லென்ஸ். 1.870.

“ஒரு கிலோவுக்கு அஞ்சு கிராம் கம்மி வித்தியாசம். ஆமா சார், இதை எதுக்கு நிறுக்கிறீங்க, விக்கப் போறீங்களா?” என்றார் கடைக்காரர்.

“அது நாளைக்குக் காலையிலதான் தெரியும்” என்றார் மாமா.

மாமா 35 வருடம் ஸ்டூடியோ நடத்தியவர். டார்க் ரூமில் தொடங்கி, ஃபிலிம் போய், டிஜிட்டல் வந்து, இப்போது கல்யாண ஆர்டர்களை மகன் பார்த்துக்கொள்கிறான். மாமாவுக்குப் பறவைகள். நவம்பர் வந்தால் வாரம் இரண்டு நாள் வேடந்தாங்கல் போய்விடுவார். போன வருடம் அவருடைய வலது தோள்பட்டை இறுகிப்போனது. ஃப்ரோசன் ஷோல்டர். ஆறேழு மாதம் பிசியோதெரபி. கை இப்போது தலைக்கு மேல் போகிறது, ஆனால் கனமான எதையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேமரா பீரோவுக்குள் போனது. அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் வேடந்தாங்கலுக்கு ஒரு சீசன் முழுக்க அவர் போகவில்லை.

அத்தைதான் எனக்கு போன் செய்தார். “மொட்டை மாடியில நின்னு காக்காவைப் பார்த்துட்டிருக்காருடா. பேசவே மாட்டேங்கிறாரு. நீ வந்து ஏதாவது பண்ணு.”

அதனால்தான் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா சென்சார் கால்வாசிதானேடா. வெளையாட்டுச் சாமானை வெச்சுக்கிட்டு நாரை எடுக்கச் சொல்றியா?”

மாமா சொன்ன கணக்கு சரிதான். ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் சில்லுதான் சென்சார். இஸட்8-ல் அது பழைய 35 எம்.எம். ஃபிலிமின் ஒரு ஃபிரேம் அளவு. 36-க்கு 24 மில்லிமீட்டர். இதைத்தான் ஃபுல் ஃபிரேம் என்கிறார்கள். ஓஎம்-1-ல் இருப்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எனும் அளவு, 17-க்கு 13 மில்லிமீட்டர்தான். பரப்பளவில் பெரியது சிறியதைப்போல 3.8 மடங்கு. இரண்டுமே தொழில்முறை கேமராக்கள்தான், இரண்டுமே மிரர்லெஸ். அதாவது, பழைய டிஎஸ்எல்ஆரில் ‘டப் டப்’ என்று மேலே போய்வரும் கண்ணாடி இவற்றில் கிடையாது. ஓஎம்-1 வந்தது 2022-ல், இஸட்8 வந்தது 2023-ல். முன்னது 20 மெகாபிக்சல், பின்னது 45. இஸட்8-ன் விலை வெளிவந்தபோது லென்ஸ் இல்லாமலே மூன்றரை லட்சத்தை ஒட்டி இருந்தது. மாமா மகனின் கல்யாண சீசன் வருமானம் அதற்குள் போனது வேறு கதை.

காலை 5.15-க்குக் கிளம்பினோம். ஜனவரி மாதப் பனி. வழியில் டீ குடிக்கும்போது மாமா லயோனல் பிளேஸ் துரை கதையைத் தொடங்கினார். செங்கல்பட்டுக் கலெக்டராக 1790-களில் இருந்தவர். மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த ஓர் இரவில், ராமரும் லட்சுமணரும் கரையைக் காவல் காத்து நின்றதை அவர் பார்த்தார் என்பது எங்கள் ஊர் ஏரிகாத்த ராமர் கோயில் வரலாறு. அதே துரையிடம்தான் வேடந்தாங்கல் மக்களும் போய் நின்றார்கள். ‘உங்கள் சிப்பாய்கள் எங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள்’ என்று முறையிட்டு, சுடக் கூடாது என்று எழுத்து வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனி உரம் தேவையில்லை என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனைக்கும் அந்த ஏரி 30 ஹெக்டேர்தான். 2022-ல் ராம்சர் பட்டியலில் அதையும் சேர்த்தபோது மாமா தெருவுக்கே லட்டு கொடுத்தாராம்.

கேட் திறந்ததும் உள்ளே போய், கரையோர நடைபாதையில் நின்றோம். நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்கள் முழுக்கக் கூடுகள். நத்தைகுத்தி நாரைகள், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், இரவு வேலை முடித்து வீடு திரும்பும் வக்காக்கள். ஆயிரம் பறவைகள் சேர்ந்து போடும் அந்த ஓசையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி நடக்கும்போது வெளியே நின்று கேட்டால் ஓரளவு அப்படி இருக்கும்.

முதலில் மாமா தன் இஸட்8-ஐத்தான் எடுத்தார். நான் ஓஎம்-1. ஒரே மரம், ஒரே கூடு. சிறிய சென்சாரில் 300 எம்.எம். லென்ஸ் மாட்டினால், பெரிய சென்சாரில் 600 மாட்டியதுபோல அதே காட்சிதான் தெரியும். ஆக, இருவர் வியூஃபைண்டரிலும் நாரை ஒரே அளவு.

வெளிச்சம் ரொம்பக் குறைவு. இருவரும் ஷட்டரை நொடியில் 500-ல் ஒரு பங்கு என்று வைத்தோம். என் லென்ஸ் எஃப்/4 வரை திறக்கும் என்பதால் எனக்கு ஐஎஸ்ஓ 2500 போதுமானதாக இருந்தது. மாமாவின் ஜூம் லென்ஸ் 600-ல் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. அவருக்கு 6400 தேவைப்பட்டது. மாமா திரையை எட்டிப் பார்த்தார். “பரவாயில்லையே, புள்ளி அவ்ளோ தெரியலையே” என்றார். குறைந்த வெளிச்சத்தில் படத்தில் ரவை தூவியதுபோலத் தெரியும் நாய்ஸைத்தான் அவர் புள்ளி என்பார்.

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால், கேமரா வாங்கப்போகிற பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சென்சார் நான்கு மடங்கு பெரியது, ஆகவே படமும் நான்கு மடங்கு சுத்தம் என்று நினைக்கிறோம். மாமா விவசாயக் குடும்பம். அவருக்குச் சொல்ல உதாரணம் கண் முன்னாலேயே இருந்தது.

“மாமா, ஏரி எவ்ளோ பெரிசா இருந்தாலும் வரத்துக்கால் வழியா வர்ற தண்ணிதானே நிக்கும்?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“சென்சார் ஏரி. லென்ஸ் வாய் வரத்துக்கால். உங்க லென்ஸ் 600-ல எஃப்/6.3. 600-ஐ 6.3-ஆல வகுத்தா வாய் 95 மில்லிமீட்டர். என்னோடது 300-ஐ 4-ஆல வகுத்தா 75. பரப்புல உங்களுது ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல. அவ்ளோதான். நாலு மடங்கு ஏரியை வெட்டிட்டு ஒண்ணரை மடங்கு வாய்க்கால்தான் விட்டிருக்கோம்.”

மாமா பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ஏரி ரொம்பணும்னா?”

“600 எம்.எம். எஃப்/4 லென்ஸ் வேணும். வாய் 150 மில்லிமீட்டர். நிக்கான்லயே இருக்கு. அந்த லென்ஸ் மட்டும் 3,260 கிராம். ஒரு கார் விலை.”

“என் தோள்பட்டைக்கு ஒரு கிலோவே தாங்கல. நீ வேற.”

ஏழு மணிக்கு மேல் வெயில் ஏறியது. வெளிச்சம் வந்துவிட்டால் இரண்டு படங்களுக்கும் இடையே நாய்ஸில் வித்தியாசம் தேடுவது வீண் வேலை. ஆனால் வேறு இரண்டு இடங்களில் பெரிய கேமரா ஜெயித்தது, அதை மறைக்கக் கூடாது. தூரத்து மரத்தில் ஒரு கரண்டிவாயன் குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தது. 45 மெகாபிக்சலில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தபோது குஞ்சின் கண் தெரிந்தது. என் 20 மெகாபிக்சலில் வெட்டினால் குஞ்சு இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். இன்னொன்று, வர்ண நாரை ஒன்று எங்கள் தலைக்கு மிக அருகில் பறந்தது. மாமா ஜூமை 180-க்கு இழுத்து முழுப் பறவையையும் பிடித்துவிட்டார். என் லென்ஸில் ஜூம் கிடையாது. எனக்குக் கிடைத்தது கழுத்தும் அரை இறக்கையும்.

அதன்பிறகுதான் நான் பயந்தது நடந்தது. கூழைக்கடா ஒன்று வாயில் குச்சியோடு தாழ்ந்து வந்தது. தண்ணீரைத் தொடப்போகும் நேரம். நான் திரும்பிப் பார்க்கிறேன், மாமா கேமராவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு இடது கையால் வலது தோளை அழுத்திக்கொண்டிருந்தார். பறவை இறங்கி, சறுக்கி, மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. நாங்கள் வந்து நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் கையில் இருந்ததை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை நான் மாட்டிக்கொண்டேன். ஒரு கிலோ என்பது தராசில் ஒரு எண். கழுத்தில் மாட்டி, கையை உயர்த்தி, பறவை எப்போது கிளம்பும் என்று காத்திருக்கும்போது அது வேறு கனம். எனக்கே பத்து நிமிடத்தில் முழங்கை நடுங்கியது.

ஓஎம்-1-ல் ப்ரோ கேப்சர் என்று ஒன்று இருக்கிறது. பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், கேமரா தனக்குள் படங்களை எடுத்து எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். பறவை பறந்ததும் முழுதாக அழுத்தினால், அழுத்துவதற்கு முந்தைய கணங்களும் சேர்ந்து பதிவாகிவிடும். 64 வயது விரல் கொஞ்சம் தாமதித்தாலும் பரவாயில்லை. இஸட்8-லும் இதே மாதிரி வசதி உண்டு, ஆனால் எங்கள் கேமராவில் ஜெபெக்கில் மட்டும்தான் வந்தது, ரா ஃபைலில் வரவில்லை. மாமா அதை நொடிக்கு 25 படம் என்று வைத்து, கிளையில் இருந்து ஒரு நத்தைகுத்தி கிளம்புவதை எடுத்தார். கால் கிளையை விட்டு விலகும் அந்த நொடி, இறக்கை முழுக்க விரிந்து, மூக்கின் நடுவே அந்த இடைவெளி வழியாக வானம் தெரிகிறது. திரையில் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். “பாரேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒன்பதரை வரைக்கும் கேமராவைத் திருப்பித் தரவில்லை.

மதியம் ஸ்டூடியோவில் மாமா மகன் இரண்டு கேமராப் படங்களையும் 12-க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டான். எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் மேசையில் பரப்பினான். வெயிலில் எடுத்த ஜோடியை மாமா மாற்றிச் சொன்னார். விடியற்காலை ஜோடியைச் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். “பின்னாடி இலையெல்லாம் இதுல இன்னும் கொஞ்சம் மெத்துனு இருக்கு. நிழல்ல கலர் கெடல” என்றார். ஒன்றரை மடங்கு வாய்க்காலுக்கான பலன் அது, 35 வருடம் பிரிண்ட் பார்த்த கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு.

மகன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணா, மண்டபத்துக்கு இதைக் கொண்டு போக முடியாது” என்றான். அதுவும் நியாயம்தான். அங்கே 600 எம்.எம். யாருக்கு வேண்டும்? 85 எம்.எம். எஃப்/1.8 மாட்டினால் ஃபுல் ஃபிரேமுக்கு வரத்துக்கால் முழுசாகத் திறந்துவிடும். விடியற்காலை முகூர்த்தம், மேடையில் மட்டும் விளக்கு, பெண்ணின் முகம் மட்டும் தெளிவாக, பின்னால் கூட்டம் கரைந்துபோக வேண்டும். சிறிய சென்சாரில் அதே எஃப்/1.8 போட்டாலும் பின்னணி கரைவதும் நாய்ஸும் ஏறத்தாழ எஃப்/3.6 போலத்தான் இருக்கும். ஆல்பம் 12-க்கு 36 விரியும்போது 45 மெகாபிக்சலும் வேலைக்கு வரும். இதோடு இன்னொன்றையும் சொன்னான். அவசரத்துக்கு ஒரு லென்ஸ் வாடகைக்கு வேண்டுமென்றால் நிக்கான், கேனான், சோனிக்குக் கிடைப்பதுபோல ஓஎம் சிஸ்டத்துக்கு நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. தொழில் செய்கிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

கல்யாணமும் நிகழ்ச்சிகளும் எடுப்பவர் என்றால் நான் யோசிக்காமல் ஃபுல் ஃபிரேம் என்பேன். பகல் வெளிச்சத்தில் பறவை, நாள் முழுக்க நடை, முதுகோ தோளோ கொஞ்சம் தகராறு செய்யும் வயது என்றால், சென்சார் அளவைக் கேட்பதற்கு முன் இரண்டையும் லென்ஸோடு கையில் தூக்கி பத்து நிமிடம் நின்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

மாமா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இஸட்8 மகனிடமே இருக்கட்டும். 180-600 லென்ஸை மட்டும் விற்றுவிடலாம். அது யாருக்குப் போகும், எவ்வளவுக்குப் போகும் என்று மகனோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை காபி கொண்டுவந்து வைத்தார். மாமா அதைக் கவனிக்கவில்லை. காலையில் எடுத்த நத்தைகுத்தி படத்தை மறுபடி திரையில் பெரிதாக்கினார்.

“ஏன்டா, உன் ஃப்ரெண்டுக்கு இதை எப்ப திருப்பிக் கொடுக்கணும்?”

“செவ்வாய்க்கிழமை மாமா.”

“அப்ப திங்கக்கிழமை கரிக்கிலி போயிடுவோம். நீ பெரிசைத் தூக்கிக்கிட்டு வா.”