வாடகைக் கப்பலில் ஓர் உலா

தமிழில் உலா என்றொரு பிரபந்த வகை உண்டு. அரசனோ தெய்வமோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவத்துப் பெண்டிரும் வாயிலில் நின்று கண்டு மயங்குவதாகப் புலவன் பாடுவான். சோழர் மூவரைப் பாடிய ஒட்டக்கூத்தரின் மூவருலா இதற்குப் பேர்போனது. உலா வருபவன் ஆள்பவன், பார்த்து நிற்பவர் ஆளப்படுவோர் என்பது அந்த இலக்கியத்தின் மாறாத நியதி. இக்காலத்து இணைய உலாவில் அந்நியதி தலைகீழாகிவிட்டது. உலாப் போகிறவர்கள் நாம். இமை கொட்டாமல் நம்மைப் பார்த்திருப்பவனே ஆள்பவன்.

'உலா' என்னும் பெயரிலேயே ஓர் உலாவி வந்திருப்பதை அறிந்தபோது எனக்கு இந்த எண்ணந்தான் முதலில் எழுந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதத்தில் அதை வெளியிட்டது. நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயில்கிறேன். எமது துறை மாணவருக்கு உலாவி என்பது தச்சனுக்கு உளி போன்றது. எவன் வார்த்த இரும்பு என்று பார்க்காமல் எடுத்துக் கொள்கிறோம். தமிழ்ப் பெயர் பூண்ட உளியை மட்டும் புரட்டிப் பார்க்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

முதற் பார்வையில் மனத்தைக் கவர்வது அதன் அமைதி. பணி, சொந்த வாழ்வு, சிறுவர், நிரலாக்கம் என்று ஒரு வீட்டை அறைகளாகத் தடுத்தாற்போல் தடுத்திருக்கிறார்கள். ஓர் அறையில் நடப்பது மற்ற அறைக்குத் தெரியாது. நாள்தோறும் நான் படிக்கும் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தை என் பழைய உலாவியிலும் இதிலும் மாறிமாறித் திறந்து, பின்னணியில் நிகழ்வனவற்றைக் காட்டும் கருவியை இயக்கிப் பார்த்தேன். பழையதில், ஒரு மரணச் செய்தியைப் படிப்பதற்குள் எங்கெங்கோ உள்ள விளம்பர நிறுவனங்களுக்கும் வேவுக் கணினிகளுக்கும் என் வருகையை அறிவிக்கும் அழைப்புகள் வரிசை முடியாமல் நீண்டன. உலாவில் அவற்றிற் பெரும்பாலானவை வாசலிலேயே தடுக்கப்பட்டன. செய்தி வந்தது; செய்தியோடு தொற்றிவரும் கூட்டம் வரவில்லை.

இதை வெறும் அந்தரங்கப் பிரச்சினையாகக் கொழும்பின் கருத்தரங்குகளில் பேசலாம். கிண்ணியாவில் இது அடுப்படிப் பிரச்சினை. 2022 செப்டம்பரில், நாடே வங்குரோத்தில் கிடந்த வேளையில், தொலைத்தொடர்புக் கட்டணங்கள் நூற்றுக்கு 20 வீதம் உயர்த்தப்பட்டன. என் வாப்பா கடற்றொழிலாளி. காற்றின் போக்கைக் கைத்தொலைபேசியில் பார்த்த பிறகே தோணி தள்ளுகிறவர். அவர் காசு கொடுத்து வாங்கும் சிறிய டேட்டாப் பொதியில் ஒரு பங்கு, அவர் கேளாத விளம்பரங்களை இறக்குவதிலேயே கரைகிறது. தன்னை வேவு பார்ப்பவனுக்குக் கூலியும் தானே கொடுக்கிறார்! சுரண்டல் பற்றி நாம் எத்தனையோ நூல்கள் படித்திருக்கிறோம். இத்தனை நுட்பமான ஒன்றை வேறெங்கும் கண்டோமா?

அவருடைய தொலைபேசியிலும் உலாவை இட்டுக்கொடுத்தேன். இதற்கு எவ்வளவு என்று கேட்டார். காசில்லை என்றேன்.

"சும்மா ஆரு மகன் தருவான்?" என்றார்.

அரசியற் பொருளாதாரத்தின் முதற் கேள்வி அது. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, தூத்துக்குடிக்கும் நமது கொழும்புக்குமிடையே கப்பல் விட்டார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் பயணிகளைக் காசின்றி ஏற்றி, குடையும் இனாமாகக் கொடுக்க முன்வந்தது. அந்தக் குடை மழைக்காகக் கொடுக்கப்பட்டதன்று. போட்டியாளன் மூழ்கிய மறுநாள் கட்டணம் எவ்வளவாகும் என்பதைக் கம்பெனி அறியும்.

உலாவிகளின் வரலாற்றிலும் இந்தக் குடையைக் காண்கிறோம். 1994இல் வந்த நெட்ஸ்கேப் உலாவி விலைக்கு விற்கப்பட்ட பண்டம். 1995இல் மைக்ரோசாப்ட் தன் உலாவியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி, பின்னர் விண்டோஸோடு சேர்த்தே கட்டிவிட்டது. சில ஆண்டுகளில் நெட்ஸ்கேப் வீழ்ந்தது. 1998இல் அமெரிக்க அரசே மைக்ரோசாப்ட் மீது ஏகபோக வழக்குத் தொடர நேர்ந்தது. 2008இல் குரோமுடன் வந்த கூகிளும் காசு கேட்கவில்லை. உலாவிகளிலும் தொலைபேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காக அது 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. தேடலில் அந்நிறுவனம் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என 2024 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. குரோமை விற்றுவிட வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை அதே நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஏற்கவில்லை. நம் கண்பார்வை போகும் திசைக்கு இத்தனை கோடி விலை!

அப்படியாயின் உலா ஒரு சுதேசிக் கப்பலா? இந்திய அரசு 2023இல் உள்நாட்டு உலாவிக்கென ஒரு போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் முதற் பரிசான ஒரு கோடி ரூபாயை ஸோஹோவின் உலா பெற்றது. கொடியும் பெயரும் சுதேசியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மாணவன் இயந்திர அறைக்குள் இறங்கிப் பார்க்கவேண்டுமல்லவா? அங்கே இருப்பது குரோமியம். கூகிளின் குரோம் எந்த மூலநிரலின் மேல் நிற்கிறதோ, அதன் மேலேயே உலாவும் நிற்கிறது. மைக்ரோசாப்டின் எட்ஜும் 2020 முதல் அங்கேதான் நிற்கிறது. உலகில் பரவலாக ஓடும் உலாவி இயந்திரங்கள் மூன்றே: கூகிளின் பிளிங்க், அப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. முதலிரண்டுக்கும் மூலம் கேடிஈ என்னும் கட்டற்ற மென்பொருட் குழுவினர் எழுதிய ஒரே நிரல். விதைத்தவர் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்?

வ. உ. சி.யும் முதலில் வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார். வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலுக்கு அஞ்சி உரிமையாளர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொழும்பிலிருந்து வேறொன்றை வாடகைக்கு எடுத்துச் சமாளித்துப் பங்கு திரட்டி, 1907இல் காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தார். குரோமியத்தின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. ஆகவே எவரும் அதைப் பறித்துவிட முடியாது என்பது உண்மை. எனினும் அது எத்திசையிற் செல்வது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கூகிளே. உலாவிகளில் இணைக்கும் துணைக்கருவிகளுக்கான விதிகளை அது மாற்றி, 2024 முதல் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. விளம்பரத் தடுப்பில் பெயர்பெற்ற யூபிளாக் ஆரிஜின் குரோமில் இயங்காதாயிற்று. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் விளம்பரத் தடுப்பின் விதியை எழுதுகிறது; அந்த நிரலின் மேல் வீடு கட்டிய ஏனையோர் தத்தமக்கு வழி தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எமது ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து வளாகத்துக்குப் போகும் வழியில் சீனன்குடா இருக்கிறது. பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. அவற்றின் குத்தகைச் சாவி இந்தியக் கம்பெனியிடம் போகலாமா என்பது இந்த நாட்டில் ஓயாத விவாதம். அத்தகைய மாவட்டத்து மாணவனாதலால், லண்டனுக்குப் பதில் சென்னை, கலிபோர்னியாவுக்குப் பதில் தென்காசி என்று முகவரி மாறியதும் மகிழ்ந்துவிட எனக்கு முடியவில்லை. உங்கள் தரவை விற்கமாட்டோம் என்று ஸோஹோ சொல்கிறது. அதைப் பொய்யென்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் அது ஒரு தனியார் கம்பெனியின் வாக்கு. பயர்பாக்ஸின் நிரலையோ எந்த மாணவனும் வரிவரியாகப் படிக்கலாம். அந்தப் பயர்பாக்ஸைப் பராமரிக்கும் மொசில்லாவின் வருமானத்திற் பெரும்பகுதி கூகிளிடமிருந்தே வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்த இருளிலும் எனக்கு உவகை தந்த ஒன்று உண்டு. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னும் கால் பின்னும் சென்று ஒழுங்காக நிற்கிறதே, அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரற்றொகுதி. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போதின் உழைப்பு அதில் பெரிது. குரோமிலும் பயர்பாக்ஸிலும் உலாவிலும் தமிழைக் கோப்பது அதுவே. 'ஹர்ஃப்' என்றால் எழுத்து. குர்ஆன் மதரசாவில் சிறுவயதில் நான் முதலில் கற்ற சொற்களில் ஒன்று, பாரசீகத்தின் வழியே சுற்றி வந்து என் தாய்மொழியைத் தாங்கி நிற்கிறது. இதற்கு எவரும் வாடகை கேட்கவில்லை.

உலா என் கணினியில் இருக்கிறது. பக்கத்தில் பயர்பாக்ஸும் இருக்கிறது. பயர்பாக்ஸில் ஒரு காலத்தில் இலங்கைத் தமிழுக்கென்றே தனிப் பதிப்பு இருந்தது, பின்னர் நின்றுபோயிற்று. இப்போதுள்ள தமிழ்ப் பதிப்பு தொண்டர்களின் கைவேலை. குரோம் 'தாவல்' என்பதை அது 'கீற்று' என்கிறது. கிடுகு பின்னுகிற எங்களூர்ப் பெண்களுக்கு இது விளங்கும் சொல்தானே என்று ஒரு நண்பன் வாதாடினான். 'பயனர்' என்பதா, நாம் வழங்கும் 'பாவனையாளர்' என்பதா என்பதில் எங்கள் வகுப்பில் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. நின்றுபோன அந்தப் பதிப்பின் பழைய சொற்கோப்புகளை இறக்கி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இரண்டு பேர் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்து வருகிறோம்.