பைக்கில் கூடுதல் விளக்கு

எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரமாக வரிசைகட்டி நிற்கும். சிலவற்றில் பின்விளக்கே எரியாது. டிரெய்லரின் பின்பக்கம் கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க இடம் மிச்சம் இருக்காது. அதனால்தான் பலர் கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டிக்கொள்கிறார்கள். (பந்தாவுக்கு மாட்டுபவர்களை விட்டுவிடுவோம்!)

மாட்டுவது சுலபம். வயர் இழுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஹெட்லைட் வயரையே சீவி, அதிலிருந்து புது விளக்குக்கும் கரண்ட் எடுப்பது குறுக்குவழி. 55 வாட்ஸ் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட்ஸ். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். அந்த மெல்லிய வயரும் ஸ்விட்சும் இந்தச் சுமைக்குச் செய்தவை அல்ல. வயர் உருகும், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். போகும்போது பழைய ஹெட்லைட்டையும் சேர்த்துக்கொண்டு போகும். அதுவும் டிரெய்லருக்குப் பின்னால், 60 கிலோமீட்டர் வேகத்தில்...

சரியான வழி ரிலே. பேட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த வயர். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-ஆம் முனையிலிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு. ஒன்று எர்த், இன்னொன்று ஸ்விட்ச். ஸ்விட்ச் வழியே ஓடுவது துளி கரண்ட்தான். கூடுதல் விளக்கின் ஃபியூஸ் போனாலும் ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும். ஸ்விட்சுக்கான கரண்டை ஹை பீம் வயரிலிருந்து எடுத்தால் இன்னொரு லாபம்: டிம் அடித்ததும் இவையும் அணைந்துவிடும்.

பேட்டரி தாங்குமா? 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டுகளில் ஹெட்லைட்டுக்கு மேலேயே அம்மீட்டர் இருக்கும். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தால் பேட்டரி கரைகிறது என்று அர்த்தம். அது இல்லாத வண்டிகளில் மல்டிமீட்டர்தான் கதி. என்ஜின் ஓட, எல்லா விளக்கும் எரிய, 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஹாலஜனை மறந்துவிட்டு 20 வாட்ஸ் எல்.இ.டி. இரண்டு போடலாம். 40 வாட்ஸோடு முடிந்துவிடும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய தொல்லை உப்புக்காற்று. வெறும் டேப் சுற்றிய இணைப்பு சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். சால்டரிங் செய்து ஸ்லீவ் போட வேண்டும். எர்த் முனையில் பெயின்டைச் சுரண்டி, முடுக்கியபின் கிரீஸ் தடவ வேண்டும்.

கடைசியாக, கோணம். விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர் டிவிஎஸ் 50-இல் எதிரே வருவார். அவர் கண் கூசினால் அவரும் டிரெய்லரில்தான் மோதுவார். சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்க, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்படி வைத்து நட்டை முடுக்க வேண்டும்.